டிஸ்க் பல்ஜ், இடுப்பு வலி: உருவி விடுவதா, உடற்பயிற்சியா? எதற்கு ஆதாரம் இருக்கிறது?

தறி_செல்வம் (குமாரபாளையம்)

வணக்கம். வயது 43. விசைத்தறி ஓட்டுகிறேன், ஒரு ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். ஆடி மாதம் பாவு பீம் (நெடுக்கு நூல் சுற்றிய உருளை) தூக்கி மாட்டும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. அன்றிலிருந்து வலி விட்டபாடில்லை. சில நாள் பரவாயில்லை. சில நாள் காலையில் வேட்டி கட்டக்கூட சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வலது பிட்டம் வரை இழுக்கும், முழங்காலுக்குக் கீழே போகாது.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. "எல்4-எல்5 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், லேசான தேய்மானம்" என்று போட்டிருக்கிறது. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் கொஞ்சம் உப்பியிருக்கிறதாம். டாக்டர் ஊசி போட்டார், மாத்திரையும் பெல்ட்டும் எழுதிக் கொடுத்தார். "குனியாதே, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே" என்றார். குனியாமல் தறி ஓட்ட முடியுங்களா? வீட்டில் எல்லாரும் பயந்துபோய் என்னைத் தண்ணீர்க் குடம்கூடத் தொட விடுவதில்லை.

பவானி பக்கம் ஒருவர் எண்ணெய் போட்டு உருவி விடுகிறார். போய் வந்தால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழையபடிதான். "நரம்பு ஏறியிருக்கிறது, ஏழு வாரம் வா, இறக்கி விடுகிறேன்" என்கிறார். ஒரு தடவைக்கு 500 ரூபாய். மச்சானோ, "டிஸ்க் விலகிய இடத்தில் கை வைத்தால் கால் விளங்காமல் போய்விடும்" என்கிறான். யூடியூபில் ஆளுக்கு ஓர் உடற்பயிற்சி சொல்கிறார்கள்.

எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மகேஷ்_ஓஎம்ஆர்

அண்ணா, நேராகவே சொல்கிறேன். இடுப்பு வலிக்கு மசாஜ் பற்றி 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 25 ஆய்வுகள், மூவாயிரத்துச் சொச்சம் பேர். கொஞ்ச நாளைக்கு வலி குறைகிறது, நீண்ட நாளில் பெரிதாக எதுவும் இல்லை, இந்த முடிவுகளையும் அவ்வளவாக நம்ப முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஏழு வாரத்துக்கு 3,500 ரூபாய். தறி ஓட்டிச் சம்பாதித்த பணம் அது. என்னைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு நல்ல பிசியோ ஒருவரை இரண்டு தடவை பார்த்துப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கோவை_பிசியோ

செல்வம் அண்ணா, முதலில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பேசிவிடுவோம். உங்கள் வீட்டில் இருக்கிற பயத்தில் பாதி அந்த ஒரு வரியில் இருந்துதான் வந்திருக்கிறது.

1994-ல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் பல்ஜ் இருந்தது. 2015-ல் இதே மாதிரியான 33 ஆய்வுகளைச் சேர்த்து, வலியில்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைக் கணக்கெடுத்தார்கள். இருபது வயதில் 30 சதவீதம், நாற்பது வயதில் 50 சதவீதம், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கு பல்ஜ். உங்கள் பட்டறையில் உங்கள் வயதில் வலியில்லாமல் வேலை பார்ப்பவர்களை வரிசையாக ஸ்கேனுக்குள் அனுப்பினால், பாதிப் பேருக்கு இதே வரி எழுதி வரலாம். அதைப் படித்த மறுநாள் அவர்களும் குனியப் பயப்படுவார்கள். என்னிடம் வருகிறவர்களில் வலியைவிட ரிப்போர்ட்டால் முடங்கியவர்கள் நிறைய. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உங்கள் வலி நிஜம், அதில் சந்தேகமே இல்லை. அந்த வலிக்கு அந்த பல்ஜ்தான் காரணம் என்று ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். டிஸ்க் நிஜமாகவே பிதுங்கி நரம்பை அழுத்தி, கால் முழுக்க வலிக்கிறவர்களுக்கும்கூட நிலைமை அவ்வளவு மோசமில்லை. நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007-ல் வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. காத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன் என்று விட்ட குழுவில் பத்தில் நான்கு பேருக்குத்தான் கடைசியில் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். உங்களுக்கு முழங்காலுக்குக் கீழே வலியே இறங்கவில்லை.

ஆனால் கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபடுவது. முதல் இரண்டுக்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, விழுந்த பிறகு வயதானவர்களுக்கு வரும் வலி ஆகியவற்றையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

இனி மசாஜ். மகேஷ் தம்பி சொன்ன ஆய்வு சரிதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 401 பேரை மூன்றாகப் பிரித்தார்கள், 2011-ல் முடிவு வந்தது. ஒரு குழுவுக்குத் தசை, மூட்டு என்று தேடிப் பிடித்துச் சரிசெய்கிற மசாஜ். இரண்டாவது குழுவுக்கு உடம்பைத் தளர்த்திவிடும் சாதாரண மசாஜ். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பத்து வாரம் கழித்துப் பார்த்தால் மசாஜ் வாங்கிய இரண்டு குழுவும் மூன்றாவதைவிட நன்றாக இருந்தன. அந்த இரண்டுக்கும் இடையில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஒரு வருடத்தில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டன.

எனக்கு இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நாள் சுகம் கற்பனை இல்லை. ஆனால் அதற்கு யாரும் எந்த நரம்பையும் "இறக்க" வேண்டியதில்லை. பக்குவமாகத் தேய்த்தாலே போதும். அந்த நாட்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். வலி குறைந்த நாளில் படுத்துக்கொண்டால் அந்த 500 ரூபாய் வீண். அதே நாளில் எழுந்து நடந்து, பயந்து நிறுத்திவைத்த அசைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் செய்தால் அந்தப் பணம் வேலை செய்கிறது.

மச்சான் சொன்னதற்குப் பதில்: டிஸ்க் முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில், தடித்த தசைகளுக்கெல்லாம் உள்ளே இருக்கிறது. எண்ணெய் போட்டுத் தேய்க்கிற கை அங்கே போய்ச் சேராது. முறுக்கி "சடக்" என்று எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது, காலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது, இதற்குத்தான் பயப்பட வேண்டும். அதற்கெல்லாம் சம்மதிக்காதீர்கள்.

தறி_செல்வம்

ரொம்ப நன்றிங்க. பாதிப் பேருக்கு இருக்கும் என்று வீட்டில் படித்துக் காட்டினேன். மனைவி இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஒரு சந்தேகம்: அப்படியென்றால் அவர் உருவும்போது கையில் முடிச்சு மாதிரி நிரடுகிறதே, அது என்ன? அமுக்கினால் உயிர் போகிறது, அப்புறம் இளகிவிடுகிறது.

கன்னியாகுமரி_கைவைத்தியம்

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு இதுதான் தொழில். எண்ணெய் போட்டுத் தடவுவோம், உளுக்குக்குக் கட்டுப் போடுவோம்.

அந்த முடிச்சு என் கைக்கும் நிரடும். இறுகியிருக்கிற தசை அது. சிலருக்கு வலிக்காத பக்கத்திலும் அதே முடிச்சு இருக்கும், அமுக்கினால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் முடிச்சுதான் நோய் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. "நரம்பு ஏறியிருக்கு, எலும்பு விலகியிருக்கு" என்பது எங்கள் தொழிலில் காலம் காலமாக வருகிற பேச்சு. வருகிறவர்களும் அதைத்தான் எதிர்பார்த்து வருவார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறவர் வீட்டில் போய் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார். அதனால் அந்தப் பேச்சை நான் விட்டுவிட்டேன்.

யார் வந்தாலும் எண்ணெயைத் தொடும் முன்னே நடக்கச் சொல்வேன். குதிகாலால் பத்து அடி, அப்புறம் முன்னங்காலால் பத்து அடி. குதிகாலால் நடக்கும்போது ஒரு பக்கப் பாதம் தூக்க வராமல் பொத்தென்று விழுந்தால் நான் கை வைப்பதே இல்லை, ஆஸ்பத்திரிக்குத்தான். எங்கள் ஊர் பிசியோ ஒருவர் சொல்லிக் கொடுத்த சோதனை இது. காய்ச்சல் இருக்கிறதா, சர்க்கரையா, ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சமீபத்தில் விழுந்தாரா என்றும் கேட்பேன். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவரை அமுக்கினால் உள்ளே கன்றிப்போகும்.

உயிர் போகிற மாதிரி அமுக்கினால்தான் குணமாகும் என்பது தப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறவரின் தசை இளகாது. என் கைக்குக் கீழே அவர் மூச்சு சீராக வருகிறதா என்றுதான் பார்ப்பேன். அண்ணாச்சி, உங்கள் ஊர்க்காரரிடம் "கொஞ்சம் மெதுவாக" என்று தைரியமாகச் சொல்லுங்கள். நல்ல கைவைத்தியர் கோபப்பட மாட்டார்.

மகேஷ்_ஓஎம்ஆர்

கன்னியாகுமரி அண்ணா, நீங்கள் இப்படிச் சொல்வதை மதிக்கிறேன். எனக்கு ஆத்திரம் எல்லாம் பொய் விளக்கத்தின் மீதுதான். எங்கள் ஏரியா ஸ்பா விளம்பரத்தில் "லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம்" என்று போட்டிருக்கிறார்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட்டை உடம்பே பயன்படுத்தித் தீர்த்துவிடும். ஜிம்முக்குப் போன மறுநாளும் அடுத்த நாளும் வருகிற உளைச்சல் வேறு: பழக்கமில்லாத வேலையில் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடர்ந்த அழற்சியும். அது மூன்று நான்கு நாளில் தானாக அடங்கும்.

"ஃபேசியாவை (தசையைச் சுற்றியிருக்கிற உறையை) உடைக்கிறோம்" என்பதும் அப்படித்தான். தொடையின் பக்கவாட்டு ஃபேசியாவையும் உள்ளங்கால் ஃபேசியாவையும் ஒரு சதவீதம் அமுக்கவோ நகர்த்தவோ எவ்வளவு விசை வேண்டும் என்று 2008-ல் ஒரு குழு கணக்கிட்டது. மனிதக் கை சாதாரணமாகத் தரக்கூடிய விசையை அது தாண்டிப் போகிறது. அப்புறம் எதை உடைக்கிறார்கள்?

பிசியோ அண்ணாவிடம் ஒரு கேள்வி. எதையும் உடைக்கவில்லை, இறக்கவில்லை என்றால் வலி ஏன் குறைகிறது? இதை பிளாசிபோ (குணமாகும் என்ற நம்பிக்கையால் மட்டும் வருகிற பலன்) என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கோவை_பிசியோ

நல்ல கேள்வி தம்பி. முட்டியில் இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்க்கிறோம். தேய்த்தால் குறைகிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடுதல், அழுத்தம் ஆகியவற்றின் சமிக்ஞைகள் தண்டுவடத்துக்கு வரும்போது, வலிச் சமிக்ஞை மேலே போகிற வழியை அவை நெருக்கிவிடுகின்றன. அந்தக் கோட்பாட்டின் விவரங்கள் பிறகு நிறைய மாறிவிட்டன. ஆனால் வலி அப்படியே கம்பி வழியாக மூளைக்குப் போவதில்லை, வழியில் கூடும், குறையும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. மூளையிலிருந்தும் கீழ்நோக்கி வலியை அடக்கும் சமிக்ஞைகள் வரும். பாதுகாப்பான கை, வெதுவெதுப்பான எண்ணெய், அரை மணி நேர ஓய்வு, நம் வலியைக் காது கொடுத்துக் கேட்கிற ஓர் ஆள், எல்லாம் அதற்கு உதவுகின்றன. எதிர்பார்ப்பின் பங்கும் அதில் உண்டு, மறுக்கவில்லை.

ஆய்வுகள் ஏன் "நம்பிக்கை குறைவு" என்று எழுதுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரை ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்து ஆளை அறியாமல் சோதிக்கலாம். மசாஜில் தனக்கு மசாஜ் நடக்கிறது என்று தெரியாமல் ஒருவரைப் படுக்க வைக்க முடியாது. அதனால் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் தரப்பட்டியலில் ஒரு படி இறங்கித்தான் நிற்கும். உடற்பயிற்சி ஆய்வுகளுக்கும் இதே தொல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது இதையெல்லாம் எடைபோட்டுத்தான் மசாஜை "செய்யலாம்" பக்கம் வைத்தார்கள். கற்பித்தலும் உடற்பயிற்சியும் அதே பக்கம். பெல்ட், இழுவை, அல்ட்ராசவுண்ட், டென்ஸ் கரண்ட் (ஒயர் ஒட்டி லேசாக மின்சாரம் கொடுப்பது) ஆகியவற்றை "வேண்டாம்" பக்கம் வைத்தார்கள். என் சொந்தத் துறையில் தினமும் அரை மணி நேரம் ஒயரை ஒட்டிவிட்டு, அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுகிற இடங்கள் உண்டு. கைவைத்தியர் ஏழு வாரம் கேட்பதைக் குறை சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பொதிகை_சித்தா

நான் சித்த மருத்துவர். எங்கள் மரபில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்லப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் எல்லாம் செய்வதில்லை. ஆள் பார்த்துத்தான். காய்ச்சல் உள்ளவருக்கும் வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கும் கூடாது. பெரிய அளவிலான ஆய்வுகள் எங்கள் பக்கம் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் செய்ய வேண்டும்.

நான் எழுத வந்தது வேறு விஷயத்துக்காக. சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பேர் இல்லாத டப்பாவில் "மூட்டுவலிப் பொடி" விற்கிறார்கள். இரண்டு வேளையில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். அதைவிட ஆபத்து, திடீரென்று நிறுத்துவது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் டப்பாவோடு மருத்துவரிடம் போய்ப் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுப்பதையும் தயவுசெய்து விடுங்கள். கழுத்து எலும்புக்குள் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஓடுகிறது. அரிதாகத்தான் நடக்கும், ஆனால் அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். தலையைத் தடவிவிடச் சொல்லுங்கள், போதும்.

நாமக்கல்_லாரி_ராஜு

இருபது வருஷமாக லாரி. இடுப்பு வலிக்கு லைன்ல போகும்போதெல்லாம் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுப் போட்டு கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியில்லை என்று காட்டுகிற ரத்த அளவு) ஏறிவிட்டது. டாக்டர் திட்டி நிறுத்தச் சொன்னார். அப்புறம் வேறு வழியில்லாமல் பங்க்கில் வண்டியைப் போடும்போதெல்லாம் பத்து நிமிஷம் நடக்க ஆரம்பித்தேன். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் மாத்திரை இல்லாமல் கல்கத்தா வரை போய் வருகிறேன். செல்வம், மாத்திரையை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளாதே.

கோவை_பிசியோ

ராஜு அண்ணன் சொன்னது முக்கியம். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் கொஞ்ச நாளைக்கு, டாக்டர் சொல்லிச் சாப்பிடுவதற்கு. சிறுநீரகம், வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வம்பு. சரி, பாராசிட்டமால் போடலாமா என்றால், சிட்னியில் 1,652 பேரை வைத்து நடத்தி 2014-ல் வந்த ஆய்வில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட வேகமாகக் குணப்படுத்தவில்லை. எல்லாக் குழுவுக்கும் ஏறக்குறைய 17 நாளில்தான் தேறியது. வெந்நீர் ஒத்தடம் கொஞ்சம் உதவும். செலவும் இல்லை.

படுக்கை ஓய்வு பற்றி ஒரு வார்த்தை. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்து 1995-ல் வந்த ஆய்வில், இரண்டு நாள் படுக்கச் சொன்ன குழுவைவிட, முடிந்த அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று விட்ட குழு சீக்கிரம் தேறியது.

இனி பயிற்சி. 2021-ல் காக்ரேன் 249 ஆய்வுகளைத் தொகுத்தது. நாள்பட்ட இடுப்பு வலியில் பயிற்சி செய்தவர்களுக்கு, சும்மா இருந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, நூறு புள்ளி வலி அளவுகோலில் 15 புள்ளி அளவு வலி குறைந்திருந்தது. மந்திரம் இல்லை. ஆனால் நிஜம். யோகாவா, ஜிம்மா, வயிறு இடுப்புத் தசைகளுக்கான "கோர்" பயிற்சியா என்பதில் சண்டை போடுகிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. நீங்கள் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுதான் உங்களுக்கு நல்லது.

எனக்குப் பிடித்தது 2024-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த நடைப்பயிற்சி ஆய்வு. இடுப்பு வலி வந்து குணமான 701 பேர். ஒரு குழுவுக்கு பிசியோ வழிகாட்டலோடு படிப்படியாக நடை, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்பது இலக்கு. இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. வேலையை முடக்குகிற வலி திரும்ப வர, சும்மா இருந்தவர்களுக்கு நடுமதிப்பாக 112 நாள், நடந்தவர்களுக்கு 208 நாள். வெறும் நடைதான், பைசா செலவில்லை.

"நான் பட்டறையில் நாள் முழுக்க நடக்கிறேனே" என்பீர்கள். தறிக்கும் தறிக்கும் நடுவில் நாலு அடி முன்னே, நாலு அடி பின்னே நடப்பது வேறு, கையை வீசி மூச்சு வாங்க நடப்பது வேறு. ஷிஃப்ட் முடிந்ததும் முதலில் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது குனிவது. வீட்டில் ஒரு கோலை எடுத்து முதுகோடு நெடுக்காக வையுங்கள். பின்மண்டை, நடுமுதுகு, பிட்டத்துக்கு மேல் எலும்பு, மூன்று இடமும் கோலில் பட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளியபடி முன்னால் சாயுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்கும், அது சரிதான். பத்துத் தடவை. கோல் இல்லாமல் முதுகை வளைத்துக் குனிவதும் பாவம் இல்லை. முதுகெலும்பு வளையத்தான் இருக்கிறது. பயம் தெளிகிற வரைக்கும் கோல் ஒரு துணை, அதற்கு மேல் இல்லை.

அப்புறம் தூக்குவது. ஐந்து கிலோ அரிசிப் பையை முக்காலி உயரத்தில் வைத்து எடுத்து வையுங்கள். எட்டுத் தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் சுலபமாக இருந்தால் ஏழு கிலோ. அப்புறம் பையைத் தரையில் வைத்து. இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் தண்ணீர்க் குடம் எடுக்க வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள்.

எவ்வளவு வலி வரலாம்? பத்துக்கு மூன்று நான்கு வரை பரவாயில்லை, மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம். வலி காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மட்டும் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

வசந்தி_மதுரை

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம். நடந்தால் இன்னும் தேயும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தைலம் போட்டு நீவி விடுவார். மூன்று நாளாக இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது, வலிக்கிறது. இதையும் நீவலாமா? எந்தத் தைலம் நல்லது?

கோவை_பிசியோ

வசந்தி அக்கா, கெண்டைக்காலில் இனிமேல் கை வைக்க வேண்டாம். அதிகம் நடக்காத வயதானவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, வலி என்றால் ஆழ்சிரையில் ரத்தக் கட்டி இருக்கலாம். நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகிற அபாயம் உண்டு. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன்) எடுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். முழங்காலைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

வசந்தி_மதுரை

போய் வந்தோம். டாப்ளரில் ரத்தக் கட்டி இல்லை என்றார்கள். முழங்காலுக்குப் பின்னால் பேக்கர் கட்டி என்று ஒன்று இருந்து, அது உடைந்து நீர் கெண்டைக்காலுக்குள் இறங்கியிருக்கிறதாம். காலை உயர்த்தி வைக்கச் சொல்லி, சில வாரத்தில் வற்றிவிடும் என்றார்கள். வீணாக அலைந்தோமோ என்று அம்மா கேட்கிறார்.

கோவை_பிசியோ

வீண் இல்லை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், எனக்கே பிரித்துச் சொல்ல வராது. டாப்ளர்தான் சொல்லும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டி வருவது சகஜம்.

வீக்கம் வற்றியதும் அம்மாவை நடக்க வையுங்கள். நடந்தால் தேயும் என்பது நம் ஊரில் எத்தனை அம்மாக்களை வீட்டுக்குள் முடக்கியிருக்கிறது! மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு எல்லா வழிகாட்டுதலும் முதலில் சொல்வது பயிற்சியைத்தான். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்துங்கள். எடை அதிகம் இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறைகிறது. தைலத்தில் உயர்வு தாழ்வு பார்க்க வேண்டாம். மூட்டு வலிக்கு மேலே தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, மாத்திரையைவிட ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா முழங்காலை நீவுவது தொடரட்டும். 2019-ல் 222 பேரை வைத்து வந்த ஆய்வில் வாரம் ஒரு மணி நேர மசாஜ் எட்டு வாரத்தில் நல்ல பலன் காட்டியது, வருடக் கடைசியில் வித்தியாசம் மறைந்துவிட்டது. இடுப்பில் பார்த்த அதே கதைதான். அந்த எட்டு வாரத்தில் அம்மாவை எழுந்து நடக்கப் பழக்கிவிடுங்கள்.

தறி_செல்வம்

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். இங்கே சொன்னபடி நடை, கோல், அரிசிப் பை எல்லாம் செய்கிறேன். இப்போது பன்னிரண்டு கிலோ வரை தரையிலிருந்து எடுக்கிறேன். பெல்ட்டைப் பரணில் போட்டாயிற்று.

நடுவில் ஒரு வாரம் மறுபடியும் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல ஓட்டினேன், தூக்கமும் சரியில்லை, நூல் விலைத் தகராறு வேறு. பழைய மாதிரி பயந்து படுக்கவில்லை. எனக்கு ஒன்று புரிந்தது. ஊடை (குறுக்கு நூல்) அறுந்தால் தறியை நிறுத்துவதற்கு ஒரு ஃபோர்க் இருக்கும். அது செட்டிங் கெட்டுப்போனால் நூல் அறாமலே தறி நின்று நின்று போகும். நூலைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, ஃபோர்க்கைத்தான் பார்க்க வேண்டும். என் இடுப்பும் அப்படித்தான் தூக்கம் கெட்டால் நிற்கிறது என்று நினைக்கிறேன். சரிதானுங்களா?

கன்னியாகுமரி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி: உருவி விடுகிறவரிடம் இனி எப்போது போவது?

கோவை_பிசியோ

செல்வம் அண்ணா, மிகச் சரி. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் கூச்சம் பிடித்துப் போயிருக்கும். தூக்கமின்மை, கவலை, இரட்டை ஷிஃப்ட் எல்லாம் அதைக் கூட்டும். இதை நான் என் நோயாளிகளுக்குச் சொல்லலாமா? விசைத்தறிக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள்.

கன்னியாகுமரி_கைவைத்தியம்

அண்ணாச்சி, வேலை நெருக்கடியான வாரத்தில் போங்கள், மற்றபடி கணக்கு வைக்க வேண்டாம். காலையில் போனால் நல்லது. எண்ணெய் போட்டு வெந்நீரில் குளித்துவிட்டு, அன்றைக்கே நடையையும் அரிசிப் பையையும் முடித்துவிடுங்கள். ஏழு வாரக் கணக்கு சொன்னால், "வலி இருந்தால் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மகேஷ்_ஓஎம்ஆர்

அந்தக் கணக்குக்கு எனக்கும் சம்மதம். பாவு பீமை இப்போது எப்படித் தூக்குகிறீர்கள் அண்ணா?

தறி_செல்வம்

இரண்டு பேராக. முதலாளியிடம் பேசி, பீம் மாற்றும் நேரத்தில் பக்கத்துத் தறிப் பையன் வந்து ஒரு முனையைப் பிடிக்கிறான். அவனுக்கும் கோல் வைத்துக் குனியக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.